மெட்ரோ கோச்சி

நானுஓயாவுக்குக் கீழே, தண்டவாளம் மலையைச் சுற்றி வளைகிற இடத்துக்கு மேலே ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே போய் "செல்லசாமி வீடு எது?" என்று கேட்டால் ஒருவரும் காட்ட மாட்டார்கள். அந்தப் பேரில் அங்கே மூன்று பேர். "கோச்சி செல்லசாமி" என்று கேட்டால்தான் கடைசி லயத்து வரிசை வீட்டுக்குக் கை நீட்டுவார்கள். ரயிலுக்கு இலங்கை மலையகத்தில் கோச்சி என்றுதான் பேர். சிங்களத்தில் கோச்சிய, நம் வாயில் கோச்சி. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கரும்பலகையில் புகையிரதம், புகையிரதம் என்று எழுதி எழுதிச் சுண்ணாம்புக் கட்டி தீர்ந்ததுதான் மிச்சம். பிள்ளைகள் வெளியே வந்ததும் "கோச்சி வருது, கோச்சி வருது" என்றுதான் கத்தும்.

செல்லசாமிக்கு இருந்தது சாதாரண ஆசை இல்லை, பைத்தியம். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபெக்டரியில், கொழுந்து காயப்போடுகிற மாடியில் அவருக்கு வேலை. கீழே பதுளைக் கோச்சி மூச்சு வாங்கி ஏறுகிற சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். டீமேக்கர் ஐயாவிடம் இதற்காக வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. ஐம்பத்துநாலு வயசு ஆள், சின்னப்பிள்ளை மாதிரி கை காட்டிக்கொண்டு நிற்பார். ரயிலில் இருக்கிற வெள்ளைக்காரன் திருப்பிக் கை காட்டினால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான்.

இளவட்டமாக இருந்தபோது ரயில்வேயில் கார்டு ஆகவேண்டும் என்று நினைத்தார். வெள்ளைச் சட்டை, பச்சைக் கொடி, கடைசிப் பெட்டி. ஸ்டேஷனில் போய் விசாரித்தால் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். தாத்தா காலத்தில் அரசாங்கமே சட்டம் போட்டுப் பிடுங்கிக்கொண்டதைப் பேரனிடம் கேட்டால் அவர் எங்கே போவார்? பத்திரம் ஒருவழியாகக் கைக்கு வந்தபோது வேலைக்கு உரிய வயது ஓடிவிட்டது. போகட்டும், ஏறத்தானே விடவில்லை, பார்க்க விட்டார்களே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். நாசமாய்ப் போன தேற்றல்.

இந்தப் பைத்தியத்தால் அவர் ஏச்சு வாங்கியது மட்டும் இல்லை, அக்காவையும் இழந்தார். அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில், அக்கா அம்மாக்கண்ணுவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். நானுஓயா ஸ்டேஷனில் அன்றைக்குக் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், கிழடுகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்லசாமி அப்போது அரைக்கால்சட்டைப் பையன். அவன் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான்: கோச்சிக்கு முன்னால் இரட்டை எஞ்சின் பூட்டியிருந்தது. ஒரே ஓட்டமாக ஓடினான். டிரைவர் சிரித்ததும் தைரியம் வந்து, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். ஊதிவிட்டது. பெட்டி பெட்டியாக அவன் முன்னால்தான் போனது. ஆனால் அக்கா உட்கார்ந்திருந்தது மறுபக்க ஜன்னலில். "தம்பி எங்கம்மா, தம்பி எங்க" என்று கேட்டுக்கொண்டே போனாளாம். அம்மா சாகிறவரைக்கும் இதைச் சொல்லிக் காட்டினாள்.

அதற்கப்புறம் கப்பல் நின்றது, சண்டை வந்தது, கடிதம் வந்தது, கடிதமும் நின்றது. அக்கா முதலில் நீலகிரிப் பக்கம் எங்கேயோ தேயிலைக்குப் போனாள். புருஷன் செத்ததும் சென்னைக்கு வந்துவிட்டாள். சில வருஷத்துக்கு முன்னால், போய்வந்த ஒருவர் மூலம் நம்பர் கிடைத்தது. அவளிடம் இருந்தது பட்டன் போன். முகம் பார்க்க வழியில்லை, குரல் மட்டும்தான்.

"என்னா வேலைக்கா பாக்குற?"

"மெட்ரோ ட்ரெயின் ஸ்டேஷன்ல, தம்பி. பூமிக்கு அடியில இருக்கு ஸ்டேஷனு. கூட்டித் தொடைக்கிற வேலை, கான்ட்ராக்ட்ல."

செல்லசாமி 'மெட்ரோ'வோடு நின்றுவிட்டார், துடைப்பம் காதில் விழவேயில்லை. அடுத்த நாள் தோட்டம் முழுக்கச் செய்தி: கோச்சி செல்லசாமியின் அக்கா இந்தியாவில் மெட்ரோ கோச்சியில் பெரிய வேலை. ராத்திரியானால் மகளின் பழைய போனில் மெட்ரோ ஓடுகிற படம் போட்டுப் பார்ப்பார். மனைவி சண்முகவடிவு தலையில் அடித்துக்கொள்வாள்.

"அக்கா, அந்தக் கோச்சியில ஒருக்கா ஏறிப் பாத்தியா?"

"எங்கடா ஏறுறது? வேலை முடிஞ்சா பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போறவ நான். கதவு என் எதுத்தாப்புல தொறக்கும், மூடும். அம்புட்டுதான் எனக்கும் அதுக்கும்."

"நான் வர்றேன். ரெண்டு பேரும் சேந்து ஏறுவோம்."

"வந்தா, எஞ்சினப் பாக்க ஓடிற மாட்டியே?"

"மெட்ரோ கோச்சிக்குத் தனியா எஞ்சினே கெடையாதுக்கா!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சண்முகவடிவு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து பேசும்போதெல்லாம் அவள் ட்ரெயின் என்பாள், இவர் கோச்சி என்பார். அக்கா ஒருநாளும் திருத்தியதில்லை.

சரி, இந்தியாவுக்குப் போவது எப்படி? ஹட்டனில் கடை வைத்திருக்கிற முத்துலிங்கம் ஒவ்வொரு வருஷமும் சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போகிற குருசாமி. செல்லசாமி கோயில் பக்கம் அதிகம் ஒதுங்காத ஆள். அவர் திடீரென்று கறுப்பு வேட்டி கட்டி, மாலை போட்டு, விடியக்காலைக் குளிரில் பச்சைத்தண்ணியில் குளித்ததைப் பார்த்து லயமே அசந்துபோனது. சண்முகவடிவு மட்டும் அசரவில்லை.

"சாமியவே ஏமாத்துறீங்களே, நல்லாருக்கா?"

"ஐயப்பனுக்குத் தெரியாதா என் மனசு? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நீ சும்மா இரு."

மகள் சர்மிளா கொழும்பில் வேலை செய்து சேர்த்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு தடவை இப்படிக் கொடுக்க அவளால் முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போனால் இந்த ஒரு தடவைதான்.

ஏற்பாடு சிக்கலே இல்லாதது. திருச்சியில் இறங்கி, வேனில் மலைக்குப் போய், கும்பிட்டு இறங்கியதும் கூட்டம் குருவாயூர், பழனி என்று சுற்றித் திருச்சிக்குத் திரும்பும். செல்லசாமி மட்டும் மலையடிவாரத்தில் பிரிந்து, சாயங்கால ரயிலில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அக்காவைப் பார்த்து, இருவரும் மெட்ரோவில் ஏறி இறங்கி, மத்தியான ரயிலில் திருச்சிக்கு வந்தால் ராத்திரி விமானத்தைப் பிடித்துவிடலாம். அக்கா தன் வேலையிடத்து மேஸ்திரியம்மா காலில் விழாத குறையாக அந்த ஒரு நாளுக்கு லீவு வாங்கிவிட்டாள்.

திருச்சியில் இறங்கியதும், வேன் ஏற்பாடு செய்த டிராவல்ஸ்காரரிடம் செல்லசாமியே நேரில் பேசினார். முத்துலிங்கம் பேசுகிறேன் என்றதற்கு, "கோச்சி விசயத்துல எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல சாமி" என்று ஒரே வெட்டு. மாலை போட்டவர்களுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். டிராவல்ஸ்காரரும் சாமி என்றே பேசினார்.

"சாமிக்கு எங்க போகணும்?"

"மெட்ரோ கோச்சிக்குங்க. மலையவிட்டு எறங்குன ஒடனே அன்னைக்கே போகணும்."

"கொச்சி மெட்ரோவா?"

"ஆமாங்க, கோச்சி மெட்ரோதான்." இந்தியாவில் கொஞ்சம் குறுக்கிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சூப்பரா இருக்கும் சாமி. செங்கன்னூர்ல ஏத்தி விடச் சொல்றேன். டிக்கெட் போன்ல வந்துடும்."

டிக்கெட் வந்தது, முழுக்க இங்கிலீஷில். முத்துலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எர்ணாகுளம்னு போட்டிருக்கே சாமி" என்றார். "அது நடுவுல வர்ற ஸ்டேஷனு. அங்க வேற பொட்டிக்கு மாறணுமா இருக்கும்" என்றார் செல்லசாமி. எவ்வளவு தெளிவு பாருங்கள்! வாழ்நாளெல்லாம் கோச்சியைப் பார்த்தவர் அல்லவா, யார் எதிர்த்துப் பேசுவது?

மலை ஏறினார், பதினெட்டுப் படி ஏறினார், கும்பிட்டார். நெரிசலில் சந்நிதானம் கண்ணில் பட்டது ஒரு இமைப்பொழுது. அதற்குள் கேட்டதும் கோச்சியைத்தான்.

செங்கன்னூரில் வேன் இறக்கிவிட்டது. வந்த ரயிலை முன்னும் பின்னும் எட்டி எட்டிப் பார்த்தார். எத்தனை பெட்டி! நானுஓயா பிளாட்பாரம் முழுக்க இரண்டு தரம் அடுக்கினாலும் மிஞ்சும். பெட்டியில் சென்னை என்று எழுதியிருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். செல்லசாமிக்கு உச்சி குளிர்ந்தது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஏறிட்டேன்கா! காலையில வந்துருவேன்."

"வாடா தங்கம். வெளிய படிக்கட்டுக்கிட்டயே நிக்கிறேன். மாம்பழக் கலர் சேலை."

ஜன்னலோரம். வெளியே தண்ணியும் தென்னையுமாக ஓடியது. இருட்டத் தொடங்கும்போது பெட்டியில் ஆட்கள் எழுந்து மூட்டை முடிச்சை எடுத்தார்கள். "கொச்சி ஆயி, கொச்சி ஆயி" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். செல்லசாமிக்குச் சிரிப்பு வந்தது. கோச்சிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு கோச்சி வந்தது என்கிறார்களே, இந்த மலையாளத்தாரும் நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள்! மனசுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அப்போது டிக்கெட் பரிசோதகர் தோளைத் தொட்டார்.

"சாமி, எறங்கணும். கொச்சி."

"ஆமாங்க, கோச்சிதான். நான் சென்னைக்குப் போறேன்."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. "டிக்கெட் இதுவரைதான் சாமி. கொச்சி மெட்ரோ பாக்கத்தானே வந்தீங்க? அது இங்கதான். கொச்சி, இந்த ஊர். இந்த சீட்டுக்கு வேற ஆள் ஏறும்."

ஊர். கொச்சி என்பது ஒரு ஊர். அந்தச் சொல் மண்டைக்குள் இறங்குவதற்குள் கால் பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டது. உண்மையாகவே அந்த இருக்கைக்கு ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தது. முன்பதிவு இல்லாத பெட்டிக்கு இருமுடிப் பையோடு ஓடினார். வாசலில் ஆள்மேல் ஆள். கறுப்பு வேட்டியைப் பார்த்து ஒருவன் "சாமிக்கு எடம் குடு" என்றான், ஆனால் கொடுப்பதற்கு அங்கே இடம் இருந்தால்தானே? ஊதிவிட்டது. சென்னைக்குப் போகிற ரயில் பெட்டி பெட்டியாக அவர் முன்னாலேயே போனது. ஐயோ ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துலிங்கம் போனில் விரதத்தையெல்லாம் மறந்து கத்தினார். "அடுத்த ரயில்ல போனா மத்தியானம் ஆயிரும், அப்பறம் எப்புடி பிளைட்டப் புடிப்பீங்க? உங்க பாஸ்போர்ட்டு என் கையில இருக்கு. பேசாம காலையில பஸ்ஸப் புடிச்சுத் திருச்சூர் வந்துருங்க, வேன் அங்க நிக்கும்."

அக்காவை அழைக்க அவருக்குக் கை வரவில்லை. பிளாட்பாரத்துக் குழாயில் முகத்தைக் கழுவி, உட்கார்ந்து, எழுந்து, கடைசியில் அழைத்தார். நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார்.

"ரயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? ட்ரெயினுன்னு ஒரு வார்த்தை?"

"தோணலக்கா."

"ஒனக்கு எங்கடா தோணும். எனக்குத்தான் தோணியிருக்கணும். ராமேஸ்வரத்துல கப்பலவிட்டு எறங்குன அன்னைக்கு, அடுத்த கோச்சி எப்பன்னு கேட்டேன். கொச்சிக்கு இங்கேருந்து எப்புடிம்மா போவேன்னு சுத்தி நின்னு சிரிச்சாங்க. போற எடமெல்லாம் சிலோன்காரி, சிலோன்காரின்னு அதச் சொல்லிச் சொல்லியே சிரிச்சாங்க. அன்னைக்கு விட்டவதான் அந்த வார்த்தைய. எம் மகளுக்குக்கூடத் தெரியாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ போன்ல கோச்சி கோச்சிங்கிறப்ப அம்மா பேசுற மாதிரியே இருந்துச்சுடா. அதக் கேக்கணும்னே திருத்தாம விட்டேன். எம் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்." அவள் அழுதாள். இவரும் அழுதார்.

விடிந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ போகிறது. சத்தமே இல்லாமல், புத்தம் புதிதாக. செல்லசாமி அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் தலையைக் குனிந்தார். அது திரும்பி வந்தது. மறுபடியும் போனது. வந்ததுதான் வந்தோம் என்று ஒரு நினைப்பு எழுந்தது பாருங்கள், அந்த நினைப்பை என்ன சொல்லித் திட்டுவது! கால் தானாகப் படியேறியது. சீட்டு வாங்கினார். கதவு தானே திறந்தது, ஏறினார், தானே மூடியது.

தொங்குவதற்கு மிதிபலகை இல்லை. குலுக்கல் இல்லை, புகை இல்லை. வீட்டுக் கூரைகள் கீழே போயின, மாடியில் துணி காயப்போடுகிற பொம்பளை போனாள், தென்னையின் குருத்து கண்ணுக்கு நேரே வந்தது. செல்லசாமி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். போனை எடுத்துப் படம் பிடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கை காட்டினார், அது சிரித்தது. இவரும் சிரித்தார். கடைசி ஸ்டேஷன்வரை போய், அதே ரயிலில் திரும்பி வந்தார். இவ்வளவு நேரமும் அக்கா ஞாபகம் அவருக்கு வரவே இல்லை. அதுதான் கொடுமை. ஒரு நிமிஷமாவது மனசு உறுத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

இறங்கிப் படியில் கால் வைத்தபோது போன் அடித்தது.

"தம்பி, வழக்கம்போல எந்திரிச்சுட்டேன்டா. சேலையக் கட்டிக்கிட்டு இங்க ஸ்டேஷனுக்கே வந்துட்டேன். வீட்டுல என்னா பண்றது? கூட வேலை செய்யிற பொண்ணுங்க, லீவுதானே பாட்டி, நீயாச்சும் ஏறிப் பாருன்னு கையப் புடிச்சு இழுக்குதுங்க. நான் மாட்டேன்னுட்டேன். தம்பி வராம ஏற மாட்டேன்." பிறகு கேட்டாள். "நீ அங்க ஏறுனியா?"

கழுத்தில் மாலை. விரதம் இன்னும் முடியவில்லை.

"இல்லக்கா," என்றார் செல்லசாமி. "நீ இல்லாம நான் எப்புடி ஏறுவேன்?"

"அதான பாத்தேன்," என்றாள் அக்கா. குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் கேள்வி மேல் கேள்வி. மெட்ரோ கோச்சி எப்படி, வேகம் எப்படி, அக்கா எப்படி? தான் ஏறிய விஷயம் யாராவது ஒருவர் வாய் வழியாகச் சென்னைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? "ஏறல" என்று முடித்துக்கொண்டார். கோச்சி செல்லசாமி இந்தியா போய்க் கோச்சி ஏறாமல் வந்த கதை காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலே, கொழுந்து பறிக்கிற மலையிலே, கள்ளுக்கடையிலே என்று ஓடியது. சிரித்துச் சிரித்துச் சலித்தார்கள். அவர் வாழ்க்கையிலே சொல்லத் தகுந்த ஒரே பயணம், அதைச் சொல்ல ஒரு நாதி இல்லை. போனில் இருந்த படத்தை அழிக்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் சண்முகவடிவு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுப் போனை அவர் கையிலேயே வைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதுளைக் கோச்சி ஏறுகிறபோது அவர் இப்போதெல்லாம் ஜன்னலுக்குப் போவதில்லை. டீமேக்கர் ஐயாவுக்கே அது ஒரு மாதிரியாக இருந்ததோ என்னவோ, "என்ன செல்லசாமி, சுகமில்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

மறுபடி கார்த்திகை பிறந்தது. தோட்டத்தில் நாலைந்து பேர் மாலை போட்டார்கள். செல்லசாமி போடவில்லை. போட வழியும் இல்லை. அந்த வாரத்தில்தான் அக்கா அழைத்தாள்.

"இந்த வருசம் மாலை போட்டுட்டியாடா?"

"அடுத்த வருசம் பாப்போம்கா."

"அவசரமில்ல. அடுத்த வருசமே வா. இன்னமும் இங்க எல்லாரும் கேக்குதுங்க, ஏன் பாட்டி இன்னும் ஏறலன்னு. எந் தம்பியும் ஏறாம இருக்கான், நானும் ஏறாம இருக்கேன்னு சொல்லிட்டேன்." அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "நீ வாடா. நாம ரெண்டு பேரும் சேந்து கோச்சி ஏறுவோம்," என்றாள்.

செல்லசாமி "சரிக்கா" என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னாங்க, அண்ணி என்னா சொன்னாங்க?" என்று சண்முகவடிவு அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"கோச்சின்னு சொல்லுச்சுடி," என்றார்.